அட்லாம் எழுத்து ஒன்றைத் திரைக்குக் கொண்டுவருவது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபுலானி மக்கள் தங்கள் மொழிக்கென்று உருவாக்கிக்கொண்ட எழுத்துமுறை அட்லாம். அதன் முதல் எழுத்துக்கு அலிஃப் என்று பெயர். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த ஒரு எழுத்தைச் சுற்றியேதான் போகும். அதைக் கணினியில் வரவழைத்து, தட்டச்சு செய்து, டேட்டாபேஸில் போட்டு, திரும்ப எடுத்து, தேடி, எஸ்எம்எஸ் அனுப்பி, எந்தெந்த இடத்தில் உடைகிறது, உடைந்தால் என்ன செய்வது என்று வரிசையாகப் பார்க்கலாம். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு முழுவதும் பயன்படும், தெரியாதவர்களும் பாதிக்கு மேல் செய்து பார்த்துவிடலாம். ஒரு நோட்பேடும் ஒரு ப்ரௌசரும் இருந்தால் போதும்.

ஆப்பிரிக்காவிலேயே பிறந்த எழுத்துமுறைகளில் லைபீரியாவின் வாய், கேமரூனின் பாமும், சொலொமானா கான்டே 1949-ல் உருவாக்கிய ன்கோ என்று இன்னும் பல, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகப் பொதுத் தரமான யூனிக்கோடில் இருக்கின்றன. நான் அட்லாமைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், ஒரு மென்பொருள் தடுமாறக்கூடிய எல்லா விஷயமும் அதில் ஒரே இடத்தில் இருக்கிறது. வலமிருந்து இடமாகப் போகும், எழுத்துகள் ஒன்றோடொன்று சேரும், பெரிய எழுத்து சிறிய எழுத்து உண்டு, எழுத்துக்கு மேல் குறிகள் வரும், எல்லாவற்றுக்கும் மேலாக யூனிக்கோடு அதற்குக் கொடுத்த எண்கள் 65,535-ஐத் தாண்டியவை, அது ஏன் சிக்கல் என்று மூன்றாம் படியில் வரும். அட்லாமைச் சரியாகக் கையாளும் மென்பொருள் மற்றவற்றில் திணறுவது அபூர்வம்.

முதலில் கொஞ்சம் கதை

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், பின்னால் வரும் படிகளுக்கு இது தேவைப்படும்.

1980களின் இறுதியில், கினி நாட்டின் நஸெரெகோரே நகரத்தில் இப்ராஹிமா பாரி, அப்துலாயே பாரி என்ற அண்ணன் தம்பி, மூத்தவருக்கு 14 வயது, இளையவருக்கு 10. அவர்களுடைய அப்பாவுக்கு அரபி எழுத்து வாசிக்கத் தெரியும் என்பதால் ஊர்க்காரர்கள் தங்களுக்கு வந்த கடிதங்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். ஃபுலா மொழியில்தான் கடிதம், ஆனால் எழுதியிருப்பது அரபி எழுத்தில், ஃபுலாவின் சில ஒலிகளுக்கு அரபியில் எழுத்தே கிடையாது, ஆகவே எழுதியவர் தமக்குத் தோன்றிய எழுத்தைப் போட்டிருப்பார், படிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். நமக்கென்று ஓர் எழுத்து ஏன் இல்லை என்று கேட்ட பையன்கள் இருவரும் தாங்களே உட்கார்ந்து ஒன்றை உருவாக்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டு கோடுகள் வரைந்து, திறந்து பார்த்துப் பிடித்ததை வைத்துக்கொண்டார்கள் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். முதல் நான்கு எழுத்துகளான அலிஃப், தாலி, லாம், மீம் சேர்ந்துதான் அட்லாம் என்ற பெயர்.

புத்தகங்களைக் கையாலேயே எழுதிப் பிரதியெடுத்தார்கள், சந்தையிலும் வீடுகளிலும் சொல்லிக்கொடுத்தார்கள், கற்றுக்கொண்டவர்கள் பக்கத்து நாடுகளுக்கும் எடுத்துப் போனார்கள். கணினிக்கு வந்தபோதுதான் முட்டுச்சுவர். யூனிக்கோடில் அட்லாமுக்கு இடம் இல்லை, ஆகவே அரபி எழுத்துகளின் எண்களிலேயே அட்லாம் வடிவங்களை ஏற்றி ஓர் எழுத்துரு செய்யவைத்தார்கள். அந்த எழுத்துரு உள்ள கணினியில் அட்லாம் தெரியும், இல்லாத கணினிக்கு அனுப்பினால் பொருளில்லாத அரபி எழுத்துக் கோவை தெரியும். பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ்க் கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

2014-ல் எழுத்துமுறை நிபுணர் மைக்கேல் எவர்சன் எழுதிய முன்மொழிவு யூனிக்கோடு குழுவுக்குப் போனது. 2016 ஜூனில் வெளிவந்த யூனிக்கோடு 9.0-வில் அட்லாம் இடம்பெற்றது, 87 குறிகளோடு. இன்று 88. கூடிய அந்த ஒன்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் படி: எண்ணைத் தெரிந்துகொள்வது

யூனிக்கோடு செய்வது அடிப்படையில் ஒரே ஒரு வேலை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண், ஒரு பெயர், சில பண்புகள். எழுத்தின் வடிவம் எழுத்துருவின் பொறுப்பு. சிறிய அலிஃபின் எண், நாம் வழக்கமாக எண்ணுகிற பத்தடிமான முறையில், 125218. பெரிய அலிஃப் 125184. யூனிக்கோடு அட்டவணையில் இவை பதினாறடிமானத்தில் இருக்கும், பார்த்துக் குழம்ப வேண்டாம், எண் ஒன்றுதான்.

அட்லாமின் பகுதி 125184-ல் தொடங்கி 125279-ல் முடிகிறது. முதல் 34 பெரிய எழுத்துகள், அடுத்த 34 சிறிய எழுத்துகள் (28 அடிப்படை எழுத்துகள், மற்ற மொழிகளின் ஒலிகளுக்காக இன்னும் 6), அப்புறம் 8 குறிகள், 10 இலக்கங்கள், வாக்கியத் தொடக்கத்தில் போடுகிற ஆச்சரியக்குறி ஒன்று, கேள்விக்குறி ஒன்று. பெரிய எழுத்தின் எண்ணோடு 34 கூட்டினால் சிறிய எழுத்து வந்துவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சோதிக்கும்போது கைகொடுக்கும்.

இரண்டாம் படி: திரையில் வரவழைப்பது

நோட்பேடைத் திறந்து இதை மட்டும் அடியுங்கள்:

𞤢

எச்டிஎம்எல் கோப்பாகச் சேமித்து ப்ரௌசரில் திறங்கள். அலிஃப் வந்தால் உங்கள் கணினியில் அட்லாம் எழுத்துரு இருக்கிறது. வெறும் கட்டம் வந்தால் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான், எண்ணில் தவறில்லை. புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கட்டத்தைப் பார்த்ததும் எழுத்தே கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி அடிப்பது, வேறு எழுத்தை மாற்றிப் போடுவது, படமாக ஒட்டுவது என்று போவார்கள். கட்டத்துக்குள் எண் பத்திரமாகவே இருக்கிறது, எழுத்துரு வந்ததும் எழுத்து தெரியும். கேள்விக்குறி வந்தாலோ, கருப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி வந்தாலோதான் கவலைப்பட வேண்டும், அங்கே எழுத்து உண்மையாகவே தொலைந்துவிட்டது, வழியில் எதுவோ தின்றுவிட்டது.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் அட்லாம் இலவசமாகக் கிடைக்கிறது, இறக்கிப் போட்டுக்கொள்ளலாம். விண்டோஸ் 10-ல் 2019 மே மாத அப்டேட்டிலிருந்து எப்ரிமா என்ற எழுத்துருவில் அட்லாம் உண்டு. மேக்கில் வென்ச்சுராவிலிருந்து கூடவே வருகிறது. பழைய போன்களை நம்பாதீர்கள். வலைத்தளம் செய்கிறீர்கள் என்றால் எழுத்துருவைத் தளத்தோடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள், வாசகரிடம் இருக்கும் என்று எதிர்பார்ப்பது சரியில்லை. இந்த எழுத்தில் படிக்கிறவர்களில் பலர் விலை குறைந்த, அப்டேட் வராத போன்களில்தான் படிப்பார்கள் என்று வைத்துக்கொண்டே வேலை செய்வது நல்லது.

இப்போது ஒரு முழுச் சொல். கினியில் ஃபுலா மொழிக்குப் பெயர் புலார். அதை இப்படி அடியுங்கள், நடுவில் இடைவெளி விடாமல்:

𞤆𞤵𞤤𞤢𞤪

பெரிய பே, உ, லாம், அலிஃப், ரா. நீங்கள் இடமிருந்து வலமாக அடித்தீர்கள், திரையில் பே வலது ஓரத்தில் நிற்கும், ரா இடது ஓரத்தில். சேமிப்பில் இருப்பது வாசிக்கும் வரிசை, திரையில் திருப்பிக் காட்டுவது மென்பொருளின் வேலை. யாராவது திரையில் சரியாகத் தெரிய வேண்டும் என்று எழுத்துகளைத் தலைகீழ் வரிசையில் சேமித்திருந்தால் அந்தக் கோப்பில் தேடலும் வரிசைப்படுத்தலும் ஒருநாளும் வேலை செய்யாது, ஆகவே அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

ஐந்து எழுத்தும் கோத்து ஒன்றாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். நீங்கள் போட்டிருப்பது சேராத வகை எழுத்துருவாக இருக்கலாம், நோட்டோவிலேயே அப்படி ஒன்று தனியாக உண்டு, அதில் தவறில்லை. இல்லையென்றால் உங்கள் மென்பொருளுக்கு எழுத்துகளைச் சேர்க்கத் தெரியவில்லை. ப்ரௌசர்களில் இந்தப் பிரச்சினை இப்போது அநேகமாக இல்லை, படமோ பிடிஎஃபோ உருவாக்கும் நூலகங்களில் (லைப்ரரி, நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பு) இன்னும் நிறைய உண்டு: ஒவ்வோர் எழுத்தாக எடுத்து இடமிருந்து வலமாக அடுக்கிவிட்டுப் போய்விடும். அழைப்பிதழ், சான்றிதழ் எதையாவது தானாக உருவாக்கும் நிரல் எழுதுகிறீர்கள் என்றால் இதைக் கண்ணால் பார்த்துச் சோதிக்காமல் வெளியே விடாதீர்கள்.

வடிவமைப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை. தலைப்பு அழகாக இருக்கட்டும் என்று எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டுகிற லெட்டர் ஸ்பேசிங் வழக்கம் உண்டு. சேர்த்து எழுதும் அட்லாமில் அதைப் போட்டால் எழுத்துகள் பிய்ந்துபோகும். பூஜ்யத்தில் விட்டுவிடுங்கள்.

திசையும் எண்களும்

தனியாக ஒரு சொல் என்றால் ப்ரௌசர் தானே திருப்பிக்கொள்ளும். ஒரு பத்தியில் தமிழும் அட்லாமும் கலந்து, நடுவில் அடைப்புக்குறியும் முற்றுப்புள்ளியும் வந்தால் அவை தவறான பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அட்லாம் பத்திக்குத் திசையை வலமிருந்து இடம் என்று வெளிப்படையாகவே சொல்லுங்கள், பயனர் எதை அடிப்பார் என்று தெரியாத பெட்டிகளுக்கு ஆட்டோ என்று கொடுங்கள்.

இலக்கங்களில்தான் அரபி பழகியவர்களும் ஏமாறுவார்கள். அரபியில் எழுத்து வலமிருந்து இடம், எண் மட்டும் இடமிருந்து வலம். அட்லாமின் சொந்த இலக்கங்கள் அப்படியில்லை, எழுத்தோடு சேர்ந்தே வலமிருந்து இடமாகப் போகும். 2016 என்பதை அட்லாம் இலக்கத்தில் எழுத இதை அடியுங்கள்:

𞥒𞥐𞥑𞥖

இரண்டு வலது ஓரத்தில் வரும், ஆறு இடது ஓரத்தில். அதுதான் சரி. யாராவது இதைப் பார்த்து எண் தலைகீழாக வருகிறதே என்று நிரலில் திருப்பிவிட்டால், 2016 என்பது 6102 ஆகிவிடும், விலைப்பட்டியலில் அது எப்படி முடியும் என்று யோசித்துப் பாருங்கள். ன்கோவிலும் இதே வழக்கம்தான்.

மூன்றாம் படி: பைட்டுகள், இங்கே நிதானமாகப் படியுங்கள்

தமிழ் அகரத்தின் எண் 2949. யூடிஎஃப்-8-ல் (யூனிக்கோடு எண்ணைக் கோப்பில் பைட்டுகளாக எழுதிவைக்கும் முறை) அதற்கு மூன்று பைட்: 224, 174, 133. சிறிய அலிஃபுக்கு நான்கு: 240, 158, 164, 162. புலார் என்று தமிழில் எழுதினால் (ப, உகரக் குறி, ல, கால், ர, புள்ளி என்று) ஆறு குறியெண், அதாவது ஆறு யூனிக்கோடு எண், 18 பைட். அதையே அட்லாமில் எழுதினால் ஐந்து குறியெண், 20 பைட். இரண்டு பைட்தானே அதிகம் என்று தோன்றும், ஆனால் பிரச்சினை கூட்டுத்தொகையில் இல்லை, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே இருக்கும் கோட்டில் இருக்கிறது.

அந்தக் கோடு 65,535. பல மொழிகளும் கருவிகளும் வடிவமைக்கப்பட்ட காலத்தில் எந்த எழுத்தும் அதற்கு மேல் போகாது என்று எடுத்துக்கொண்டார்கள். ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், விண்டோஸ் எல்லாம் எழுத்தை 16 பிட் பெட்டிகளில் வைக்கின்றன, ஒரு பெட்டியில் கொள்ளாத எண்ணை இரண்டாக உடைத்து ஜோடியாக வைக்கும், அந்த ஜோடிக்கு சர்ரகேட் என்று பெயர். நம் அலிஃப் 55354, 56610 என்று இரண்டாக உடையும். விளைவு, ஜாவாஸ்கிரிப்ட்டிடம் இந்த ஓர் எழுத்தின் நீளம் என்ன என்று கேட்டால் 2 என்று சொல்லும். புலார் 10. பைதான் 3-ல் கேட்டால் 1, 5.

பெயர் அதிகபட்சம் 20 எழுத்து என்று படிவத்தில் எழுதிவிட்டு, பின்னால் நிரலில் இந்த நீளத்தை வைத்துச் சோதித்தால் ஃபுலானிக்காரர் ஒருவருக்கு உண்மையில் கிடைப்பது 10 எழுத்துதான். அதைவிட மோசம், 15-வது இடத்தில் வெட்டி மூன்று புள்ளி போடு என்று எழுதியிருந்தால் ஒரு ஜோடியின் நடுவில் வெட்டு விழும், மிச்சம் நிற்கும் பாதி எந்த எழுத்தும் இல்லை, திரையில் கருப்புச் சாய்சதுரம் வரும், அதை அப்படியே சேமித்தால் அந்த எழுத்து போனது போனதுதான். எண்ணுவது, வெட்டுவது இரண்டையும் குறியெண் அளவில் செய்யுங்கள், முடிந்தால் எழுத்தையும் அதன் மேல் நிற்கும் குறியையும் சேர்த்தே ஒன்றாக எண்ணும் நூலகத்தைப் பயன்படுத்துங்கள். தமிழில் கொம்பும் காலும் தனியாகப் பிரிந்து விழும் கொடுமைக்கும் மருந்து அதே நூலகம்தான்.

இன்னொரு பொறி. ஜாவாஸ்கிரிப்ட்டில் எண்ணிலிருந்து எழுத்தை உருவாக்க இரண்டு ஃபங்ஷன்கள் உண்டு, பழையது ஃப்ரம்சார்கோட், புதியது ஃப்ரம்கோட்பாயின்ட். பழையதிடம் 125218 என்று கொடுத்தால் பிழை எதுவும் சொல்லாது, 65536-ஐக் கழித்துவிட்டு 59682-ஐக் கையில் கொடுக்கும். அந்த எண் யூனிக்கோடில் யாருக்கும் ஒதுக்காமல் தனியார் பயன்பாட்டுக்கென்று விட்டிருக்கும் பகுதியில் விழுகிறது. திரையில் கட்டம் வரும். எழுத்துரு இல்லை போல என்று நினைத்து நீங்கள் எழுத்துருவைத் தேடிக்கொண்டிருப்பீர்கள், சேமிப்பில் தவறான எண் ஏறிக்கொண்டே இருக்கும். கட்டம் என்றால் பத்திரம் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்கு இது ஒரு விலக்கு, ஆகவே சந்தேகம் வந்தால் கட்டத்தைக் காப்பி செய்து அதன் எண் என்ன என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நான்காம் படி: டேட்டாபேஸ்

மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸைப் பயன்படுத்துபவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். அதில் யூடிஎஃப்8 என்ற பெயரில் நெடுங்காலம் இருந்தது மூன்று பைட் வரைதான் தாங்கும். தமிழுக்கு மூன்று போதும் என்பதால் தமிழ்த் தளங்கள் பல ஆண்டு அதிலேயே குறையில்லாமல் ஓடின, யாருக்கும் தெரியவில்லை, எமோஜி வந்தபோதுதான் பலர் முதல்முறை முட்டிக்கொண்டார்கள். அலிஃபை அதில் போட்டால் அமைப்பைப் பொறுத்து ஒன்று பிழை வரும், அல்லது அந்த எழுத்திலிருந்து மிச்சம் முழுவதும் வெட்டப்பட்டு முன்பாதி மட்டும் சேமிக்கப்படும். பிழை வந்தால் அதிர்ஷ்டம். வெட்டு சத்தமில்லாமல் நடக்கும்.

மருந்து, நான்கு பைட்டும் தாங்கும் யூடிஎஃப்8எம்பி4. அட்டவணை, நெடுவரிசை, இணைப்பு மூன்றிலும் அதையே வைக்க வேண்டும், இணைப்பை மறந்துவிட்டு மற்ற இரண்டையும் மாற்றிவிட்டு ஏன் இன்னும் கேள்விக்குறி வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம். மைஎஸ்க்யூஎல் 8-ல் புதிதாகத் தொடங்கினால் இது இயல்பாகவே இருக்கும்.

இதோடு முடிந்தது என்று நினைப்பீர்கள். இல்லை. சேமிப்பது ஒன்று, ஒப்பிடுவது வேறு. ஒப்பிடும் விதிக்குக் கொலேஷன் என்று பெயர். ஜெனரல் சிஐ என்று முடியும் பழைய கொலேஷனை யூடிஎஃப்8எம்பி4-ஓடு வைத்தால், 65,535-க்கு மேலுள்ள எழுத்துகள் அத்தனைக்கும் அது ஒரே எடையைக் கொடுக்கும். அதாவது அதன் கண்ணுக்கு அலிஃபும் லாமும் மீமும் ஒன்று. புலார் என்று தேடினால் ஐந்து எழுத்துள்ள எல்லா அட்லாம் சொல்லும் வந்து நிற்கும். பயனர் பெயர் தனித்துவமாக இருக்க வேண்டும் என்று வைத்திருந்தால், ஐந்தெழுத்துப் பெயரோடு ஒருவர் சேர்ந்த பிறகு வேறெந்த ஐந்தெழுத்துப் பெயர்க்காரரும் சேர முடியாது, பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லும். சேமித்த எழுத்து அழகாகத் திரையில் தெரிந்துகொண்டிருக்கும்போதே இது நடக்கும் என்பதால் கண்டுபிடிக்க நாளாகும்.

0900 என்ற எண் உள்ள கொலேஷனுக்கு மாறுங்கள். அந்த எண் யூனிக்கோடு 9.0.0-வைக் குறிக்கிறது, அட்லாம் உள்ளே வந்த அதே பதிப்பு. அதற்கு முந்தைய பதிப்புகளை வைத்து எழுதிய எந்த விதிக்கும் அட்லாமை அடையாளம் தெரியாது.

ஐந்தாம் படி: தட்டச்சும் தேடலும்

ஆண்ட்ராய்டில் கூகுளின் விசைப்பலகை ஆப்பான ஜிபோர்டின் மொழிப் பட்டியலில் ஃபுலா மொழிக்கு அட்லாம் விசைப்பலகை இருக்கிறது, விண்டோஸிலும் மொழி அமைப்பில் சேர்த்துக்கொள்ளலாம். சோதனைக்கு நீங்கள் இதைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் காப்பி பேஸ்ட் செய்து பார்ப்பதும் விரலால் அடித்துப் பார்ப்பதும் ஒன்றில்லை. பேக்ஸ்பேஸ் ஒருமுறை தட்டினால் ஓர் எழுத்து முழுதாகப் போகிறதா, பாதி ஜோடி மிச்சம் நிற்கிறதா என்று விரலால் அடித்தால்தான் தெரியும்.

குறிகளைப் பற்றிக் கொஞ்சம். அலிஃபை நெடிலாக்க ஒரு குறி, மற்ற உயிர்களை நெடிலாக்க வேறொரு குறி, மெய்யை இரட்டிக்க ஒன்று, நுக்தா என்ற புள்ளி ஒன்று, இப்படி. ஓர் எழுத்தின் மேல் இரண்டு குறி வரும்போது ஒருவர் நுக்தாவை முதலில் அடிப்பார், இன்னொருவர் கடைசியில் அடிப்பார், திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், சேமிப்பில் வேறு வேறு. தேடினால் கிடைக்காது. யூனிக்கோடின் இயல்பாக்க விதிப்படி (ஒரே எழுத்தை எப்போதும் ஒரே வரிசையில் வைக்கும் விதி) நுக்தா எப்போதும் முன்னால் வர வேண்டும். என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தை உள்ளே வரும் எழுத்துக்கும் ஒருமுறை, தேடும் சொல்லுக்கும் ஒருமுறை ஓட்டிவிட்டால் இரண்டும் சந்திக்கும். அரை மணி நேர வேலை, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் சமமாக எடுத்துக்கொள்ளும் தேடல் வேண்டுமென்றால் முதலில் 125184-ஐச் சிறியதாக்கிப் பாருங்கள், 125218 வர வேண்டும். மாறாமல் அப்படியே வந்தால் உங்கள் மொழியின் அல்லது நூலகத்தின் யூனிக்கோடு அட்டவணை 2016-க்கு முந்தையது. இதற்காக நீங்களே 34-ஐக் கூட்டிச் சொந்தமாக ஒன்றை எழுதிவிடாதீர்கள், நூலகத்தைப் புதுப்பியுங்கள்.

படிவங்களில் பெயரைச் சோதிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஆங்கில எழுத்துகளை மட்டும் அனுமதித்தால் அட்லாம் மட்டுமா, தமிழும்தான் வெளியே நிற்கும். எழுத்து என்ற பண்பு உள்ள எதையும் ஏற்றுக்கொள், கூடவே அதன் குறிகளையும் ஏற்றுக்கொள் என்று எழுதுங்கள்.

எஸ்எம்எஸ். ஆங்கிலத்தில் 160, தமிழில் 70 என்பது தெரிந்திருக்கும். அட்லாமில் ஒவ்வோர் எழுத்தும் இரண்டு இடம் பிடிப்பதால் 35 எழுத்தோடு முடிந்துவிடும், மேலே போடும் ஒவ்வொரு குறிக்கும் இன்னும் இரண்டு. ஒரே செய்திக்கு இரண்டு மூன்று மடங்கு காசு. அட்லாமில் தகவல் அனுப்பும் சேவை எதையாவது திட்டமிடுபவர்கள் பட்ஜெட்டில் இதை முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் டேட்டா வழியாகப் போகும் செய்தி ஆப்களுக்கே போய்விடுங்கள்.

எழுத்தே இல்லை என்றால்

அந்த 88-வது. 2016-ல் 87 குறிகள் வந்த பிறகும் நாசி ஒலிக்கான ஒரு சிறு குறிக்குத் தனி எண் இல்லை, மேற்கோள் குறியை வைத்து ஒப்பேற்ற வேண்டியிருந்தது. மேற்கோள் குறி நிறுத்தற்குறி வகை, அது வந்தால் சொல் முடிந்துவிட்டது என்று கணினி எடுத்துக்கொள்ளும், தேடலும் சொல்தேர்வும் அங்கே அறுந்துவிடும், எழுத்துச் சேர்க்கையும் விட்டுப்போகும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் பண்பு வேறு என்றால் எண்ணும் வேறாகத்தான் இருக்க வேண்டும். 2019 மார்ச்சில் வெளிவந்த யூனிக்கோடு 12.0-வில் அதற்குத் தனி எண் கிடைத்தது, 125259.

அதே 12.0-வில்தான் தமிழின் பழைய பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் 51 சேர்ந்தன, 1/320-ஐக் குறிக்கும் முந்திரி முதல் தொடங்கி. அவை 73664-லிருந்து தொடங்குகின்றன, அதாவது 65,535-க்கு அந்தப் பக்கம். கல்வெட்டோ பழைய நிலக் கணக்கோ ஏற்றுகிற தமிழ் மென்பொருள் செய்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் சொன்ன அத்தனை சோதனையும் அப்படியே பொருந்தும்.

இப்படி ஒரு குறி விடுபட்டிருப்பது உங்களுக்குத் தெரிந்தால், முன்மொழிவு எழுத யாருக்கும் தடையில்லை. யூனிக்கோடு தளத்தில் படிவம் இருக்கிறது, முந்தைய முன்மொழிவுகளும் அங்கேயே இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன, அட்லாமுக்கானதை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். அவர்கள் கேட்பது சான்று: அந்தக் குறி அச்சிலும் கையெழுத்திலும் பயன்பட்ட பக்கங்களின் படம், யார் எங்கே பயன்படுத்துகிறார்கள், ஏற்கெனவே உள்ள எந்தக் குறியாலும் ஏன் முடியாது, அதன் பண்புகள் என்ன, அட்டவணையில் போட ஒரு எழுத்துரு. அந்த மொழிக்காரர்களை உடன் வைத்துக்கொள்ளாமல் இதைச் செய்யாதீர்கள். ஒருமுறை கொடுத்த எண்ணை யூனிக்கோடு மாற்றாது, நீக்காது, பெயரைக்கூடத் திருத்தாது, ஆகவே தவறாகப் போனால் காலத்துக்கும் நிற்கும். எண் கிடைக்கும்வரை தனியார் பயன்பாட்டுப் பகுதியில் ஏதாவது எண்ணை வைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும், உங்கள் மேசைக்குள் மட்டும் என்றால் சரி, அதில் எழுதிய கோப்பை வெளியே விட்டால் பாரி சகோதரர்களின் முதல் எழுத்துருவுக்கு வந்த கதிதான்.

பெரும்பாலானவர்களுக்கு முன்மொழிவு வரை போக வேண்டியிருக்காது. எழுத்து இருக்கும், எண் இருக்கும், நாம் பயன்படுத்தும் ஏதோ ஒரு ஆப் அதை உடைக்கும். அப்போது அந்த ஆப்காரர்களுக்குப் புகார் எழுதுங்கள். அட்லாம் வேலை செய்யவில்லை என்று ஒற்றை வரியில் எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எந்த எழுத்து, அதன் எண் என்ன, நீங்கள் அடித்தது எது, திரும்ப வந்தது எது, கட்டமா கேள்விக்குறியா சாய்சதுரமா, திரும்ப வந்ததைக் காப்பி செய்து பார்த்தால் என்ன எண் காட்டுகிறது, ஆப்பின் பதிப்பு, போனின் பதிப்பு, ஒரு ஸ்கிரீன்ஷாட். இவ்வளவும் இருந்தால் படிக்கிற பொறியாளர் தம் இடத்திலிருந்தே செய்து பார்த்துவிட முடியும். கூடவே, எமோஜி சரியாகப் போகிறதா என்றும் சோதித்து எழுதுங்கள், பெரும்பாலான எமோஜிகளும் 65,535-க்கு மேல்தான் இருக்கின்றன, எமோஜியும் உடைகிறது என்று சொன்னால் அவர்கள் வேகமாகத் திருத்துவார்கள்.